இணையத்தில் சொந்த முகவரி: நாஞ்சில் நாட்டுக் கலைகளும் அகலக்கற்றையும்

தமிழ்நாட்டில் பாரத்நெட் திட்டப் பணிகளை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது கன்னியாகுமரி மாவட்டத்தில்தான். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி போய்ச் சேர வேண்டும், ஒவ்வோர் ஊராட்சிக்கும் விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகம் கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றிப் பேசும்போது ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, வங்கி எல்லாம் கணக்கில் வரும். பாடுகிறவர், எழுதுகிறவர், கல் செதுக்குகிறவர், மாலை தொடுக்கிறவர் வருவதில்லை. குமரி மாவட்டத்தில் அவர்களுக்கு அகலக்கற்றை என்ன செய்திருக்கிறது? யாருக்கு நிறையக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது, ஏன்?

இந்தக் கட்டுரை வந்து சேரும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இணையத்தால் இங்கே மிகுதியாகப் பயன்பெற்றவர்கள் எழுத்தாளர்கள். தங்களுக்கென ஒரு முகவரியையும், அதைச் சுற்றி ஒரு வாசகர் வட்டத்தையும் அவர்கள் கட்டிக்கொண்டார்கள். குரலாலும் கையாலும் கலை செய்பவர்களுக்குப் பார்வையாளர்கள் கிடைத்தார்கள், உடைமை கிடைக்கவில்லை. அவர்களுடைய பாட்டும் வேலைப்பாடும் இணையத்தில் வாடகை வீட்டில் இருக்கின்றன. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் எடுத்துப் போவதற்குக்கூட அவர்களிடம் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டுக்குக் கம்பியின் வேகம் மட்டும் காரணமாகாது.

கம்பிக்கு முந்திய கதை

தொலைவிலுள்ள உலகத்தோடு தொடர்பு கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1820களிலேயே லண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலில் அச்சகம் வைத்திருந்தார்கள். அதே காலத்தில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவில் பெண்களின் பின்னல் கடல் கடந்து விற்றது. அடிமை நிலையில் இருந்த சில பெண்கள் அந்த வருமானத்தைக் கொண்டே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய செய்தியும் மிஷன் வரலாற்றில் உண்டு. தொலைதூரச் சந்தை ஒன்று கைவினை செய்பவரின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்பதற்கு, இந்த மாவட்டத்திலேயே இருநூறு ஆண்டுப் பழமையுள்ள சான்று இது.

1984 அக்டோபர் 30 அன்று இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கப்பட்டதும் நாகர்கோவிலில்தான். சென்னையும் திருச்சியும் திருநெல்வேலியும் மாநிலத்துக்கெல்லாம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாவட்டம் தன் பேச்சை, தன் பாட்டை, தன் பயிர்ச் செய்தியைத் தானே ஒலிபரப்பலாம் என்ற எண்ணம் இங்கே நடைமுறைக்கு வந்தது. நான்காண்டுகள் கழித்து, 1988இல், சுந்தர ராமசாமி நாகர்கோவிலிலிருந்து ‘காலச்சுவடு’ இதழைத் தொடங்கினார். தமிழ்ச் சிந்தனையில் இடம்பெற ஓர் இதழ் சென்னைக்குக் குடிபெயர வேண்டியதில்லை என்பதை அது காட்டியது.

அச்சகம், பின்னல் பள்ளி, வானொலி, சிற்றிதழ் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. கருவி வெளியிலிருந்து வந்தது. அதை ஊரோடு பிணைக்கும் அமைப்பு உள்ளூரில் இருந்தது. இணையம் வந்தபோது இந்த இரண்டாவது பகுதி எந்தத் துறையில் அமைந்தது, எதில் அமையவில்லை என்பதுதான் கேள்வி.

கணக்கில் வராத கிராமம்

முதலில் கம்பியைப் பார்ப்போம். குமரி மாவட்டம் புள்ளிவிவரத்தில் விசித்திரமான இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 18.7 லட்சம் பேர் வாழ்கிறார்கள். எழுத்தறிவு ஏறத்தாழ 92 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். மக்களில் 82 விழுக்காட்டினர் ‘நகர்ப்புறத்தில்’ வாழ்வதாகவும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் ஒருமுறை நடந்தவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். காரணம் நிர்வாகப் பிரிவு. மாவட்டத்தில் ஊராட்சிகள் 95 மட்டுமே, பேரூராட்சிகளோ ஐம்பதுக்கு மேல். குளமும் வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் அழகியபாண்டியபுரம் பேரூராட்சி. சிற்பிகளின் ஊரான மயிலாடியும் பேரூராட்சி. ஆகவே ஏட்டில் இரண்டும் நகர்ப்புறம்.

இந்த வகைப்பாடு கலைஞர்களைத் தொடுகிறது. பாரத்நெட் ஊராட்சிகளை அலகாகக் கொண்ட திட்டம். பேரூராட்சிகளுக்கு இணைப்பு பெரும்பாலும் சந்தை வழியாகவே போகிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த உள்ளூர் கேபிள்காரர்களும் தனியார் நிறுவனங்களும் வீடுகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு தருகிறார்கள். வருமானம் வரும் தெருவுக்கு அது முதலில் போகும். பேச்சிப்பாறைக்கு மேலேயுள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் கைபேசி சிக்னலே அரிது. ஒரே மாவட்டத்துக்குள் சமவெளிக்கும் மலைக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதை, ‘நன்கு இணைக்கப்பட்ட மாவட்டம்’ என்ற சராசரி மறைத்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு தரவு மலிவானது, ஏறக்குறைய எல்லார் கையிலும் இணையம் வந்தது. அது பார்ப்பதற்கு ஏற்ற இணையம். படைப்பவருக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். விடிய விடிய நடக்கும் கோயில் கொடை விழாவின் முழு ஒளிப்பதிவை நல்ல தரத்தில் ஏற்ற, கைபேசித் தரவு போதாது. அதனால் முழு இரவுப் பாட்டு பத்து நிமிடத் துண்டாகச் சுருங்குகிறது. என்ன பதிவாகிறது, எது விடுபடுகிறது என்பதைக் கம்பியின் வசதியும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

எழுத்து கட்டிய வீடு

எழுத்தில் நிலைமை வேறு. எழுத்துக்குக் குறைந்த வேகமே போதும். தொலைபேசி வழி இணைப்பு இருந்த காலத்திலேயே திண்ணை போன்ற இணைய இதழ்களில் தமிழ் இலக்கிய விவாதம் நடந்தது. குமரி மாவட்டத்துக்காரர்கள் அதில் முன்வரிசையில் இருந்தார்கள்.

இவர்களில் ஜெயமோகனின் முயற்சி தனியாக ஆராயத்தக்கது. தொலைபேசித் துறையில் பணியாற்றியவர், நாகர்கோவில் பார்வதிபுரத்தில் வாழ்பவர். 2000களின் பிற்பகுதியிலிருந்து தன் பெயரிலேயே இணையதளம் வைத்து நாள்தோறும் எழுதிவருகிறார். 2014 ஜனவரி 1 அன்று மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதும் ‘வெண்முரசு’ அங்கே தொடங்கியது. நாளுக்கு ஓர் அத்தியாயம் என 2020 ஜூலை வரை நீண்டு, 26 நாவல்களாக, இருபத்தையாயிரம் பக்கங்களைத் தாண்டி நிறைவுற்றது. எந்த அச்சு வார இதழும் இதைத் தாங்கியிருக்க முடியாது. ஆறரை ஆண்டுகள் நாள் தவறாமல் ஒரு தொடருக்கு இடம் ஒதுக்க எந்த ஆசிரியராலும் இயலாது. சொந்தத் தளம் இருந்ததால் நீளத்தையும் வேகத்தையும் எழுதியவரே முடிவு செய்தார்.

தளம் மட்டும் இருந்திருந்தால் இது ஒரு தனிமனிதச் சாதனையாக நின்றிருக்கும். அதைச் சுற்றி விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் உருவானது. 2010 முதல் மூத்த எழுத்தாளர்களுக்கு விருது வழங்கிவருகிறது. அதே வட்டாரத்திலிருந்து 2022இல் ‘தமிழ் விக்கி’ என்ற இணையக் கலைக்களஞ்சியம் பிறந்தது. தெற்கத்தி நாட்டார் தெய்வங்களும் கூத்துகளும் ஊர்களும் ஆளுமைகளும் அதில் பதிவாகின்றன. திரையில் தொடங்கிய உறவு விழாவாக, நூலாக, கலைக்களஞ்சியமாக வளர்ந்தது. வாசகர்கள் நேரில் கூடினார்கள், செலவைப் பகிர்ந்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள்.

வாசகர் பங்களிப்புக்கு இன்னோர் எடுத்துக்காட்டு நாஞ்சில் நாடன். வீரநாராயணமங்கலத்தில் பிறந்து, மும்பையில் வேலை பார்த்து, கோவையில் குடியேறியவர். ‘சூடிய பூ சூடற்க’ தொகுப்புக்காக 2010இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய கட்டுரைகளையும் கதைகளையும் வாசகர்களே இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போன எழுத்தாளருக்கும் ஊரைவிட்டுப் போன வாசகருக்கும் நடுவில் நாஞ்சில் நாட்டுத் தமிழ் அங்கே உயிரோடு புழங்குகிறது.

இந்த வெற்றிக்கு மூன்று காரணங்களைக் குறிக்கலாம். படைப்பு யாருடையது என்பதில் ஐயமில்லை. அது இருக்கும் முகவரி அவருடையது. அதைப் பேணும் கூட்டம் ஒன்று உண்டு. அடுத்து வரும் துறைகளை இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம்.

வில்லின் குரல்

வில்லுப்பாட்டு நாஞ்சில் நாட்டின் தலையாய நிகழ்த்துகலை. வில், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. நடுவில் புலவர், வலப்புறமும் இடப்புறமும் பின்பாட்டுக்காரர்கள். காப்பு, வருபொருளுரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம் என்று முறையாக நகர்ந்து கதைக்கூறுக்கு வந்து, வாழிபாடி முடியும். இசக்கியம்மன், சுடலைமாடன், முத்தாரம்மன் கோயில் கொடைகளில் கதை ஏறும்போதுதான் சாமியும் ஏறும். எந்தக் கதையை எந்தக் கோயிலில், எந்த நேரத்தில் பாடுவது என்பதற்கெல்லாம் முறை உண்டு.

இன்று யூடியூபில் வில்லுப்பாட்டு ஏராளம். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை தன் ஊர்க் கொடையை நேரலையில் பார்க்கிறார். கோட்டாறு சவேரியார் திருவிழாவும் சாமித்தோப்புத் திருவிழாக்களும் அப்படியே கடல் கடந்து போகின்றன. பெண் புலவர்களை முன்பு கேட்டிராத ஊர்க்காரர்களும் அவர்களைக் கேட்டு, அடுத்த ஆண்டுக் கொடைக்கு அழைக்க முடிகிறது. விளம்பரத் தட்டியால் முடியாத காரியம் இது.

உடைமையைக் கேட்டால் நிலைமை மாறிவிடுகிறது. பல ஒளிப்பதிவுகளில் புலவரின் பெயர்கூட இருப்பதில்லை. ‘சூப்பர் வில்லுப்பாட்டு’ என்று தலைப்பு இருக்கும். கோயில், ஊர், கதை, ஆண்டு எதுவும் இருக்காது. அலைவரிசை ஒளிப்பதிவாளருடையதாகவோ பார்க்க வந்தவருடையதாகவோ இருக்கும். யூடியூபின் விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு பெற ஓர் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த வாசலைத் தாண்டி வரும் பணம் அலைவரிசைக்காரருக்குப் போகிறது. குடம் தட்டியவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

சட்டம் இதைவிட மேலானதைச் சொல்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமையைச் சேர்த்தது. அந்த உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். 2012 திருத்தம் அதை வலுப்படுத்தியது. தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் பொதுமக்களுக்குப் பரப்பவும் அனுமதிக்கும் உரிமையும், நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையும் கலைஞருக்கு உண்டு. கொடைக்கு அச்சாரம் வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வரி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் வரவில்லை.

தோல்பாவைக்கூத்து இன்னும் நலிந்த நிலையில் இருக்கிறது. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட சில குடும்பங்கள் ஆட்டுத்தோல் பாவைகளால் தமிழில் இராமாயணம் ஆட்டிவந்த கலை அது. அந்தக் குடும்பங்களைப் பற்றியும் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து பற்றியும் இன்று நமக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பங்கு, நாகர்கோவிலில் வாழும் நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாளின் பல பத்தாண்டுக் கள ஆய்வால் வந்தது. முன்னே கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடல்களையும் ஏடுகளையும் தேடித் தொகுத்தார். அவர்கள் செய்த வேலையின் சாரம் எளியது: யார் பாடினார், எங்கே பாடினார், யாரிடம் கற்றார் என்று குறித்துவைத்தார்கள். கைபேசி ஒளிப்பதிவு அளவில் அவர்களைப் பல மடங்கு தாண்டிவிட்டது. குறிப்பு எழுதுவதில் அவர்களுக்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறது. குறிப்பில்லாத ஒளிப்பதிவு ஐம்பது ஆண்டு கழித்து ஆய்வாளருக்கும் உதவாது, பாடியவரின் பேரப்பிள்ளைக்கும் உதவாது.

கைவினையும் பெயரும்

நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகை பரதநாட்டிய மேடைகளில் எல்லாம் மின்னுகிறது. வெள்ளியில் அடித்தளம், மேலே தங்கத் தகடு, சிவப்புக் கெம்புக் கல். ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. தோவாளையின் மாணிக்க மாலைக்கு 2025இல் அந்தக் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் நொச்சி இலையையும் மடித்துப் பின்னி, கல் பதித்த பதக்கம்போலத் தட்டையாகச் செய்யும் மாலை அது. மயிலாடிக் கல் சிற்பமும் இந்த வரிசையில் வருகிறது.

இணையத்தில் இந்தப் பெயர்களுக்கு நேர்வது வேறு. கோயில் நகை என்று தேடினால் எங்கோ அச்சில் வார்த்த போலி நகைதான் முதலில் வந்து நிற்கிறது. விலை நூறுகளில் இருக்கும். வடசேரிப் பட்டறையில் கல் ஒவ்வொன்றையும் கையால் பதித்தவரின் நகை அதற்குப் பக்கத்தில் விலைகூடியதாகத் தெரிகிறதே தவிர, அரியதாகத் தெரிவதில்லை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குறியீடு ஓர் அமைப்பின் பெயரில் பதிவாகும். அதைப் பயன்படுத்த ஒவ்வொரு கைவினைஞரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ எனத் தனியே பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்க, பயனர் பதிவு நடக்காமலே இருந்தால், பெயரைத் திருடுபவரைத் தடுக்க வலுவிருக்காது.

மூன்று தொழிலுக்கும் இணையத் தேவை ஒரே மாதிரியானதல்ல என்பதும் முக்கியம். நகையை அஞ்சலில் அனுப்பலாம், ஆகவே அதற்கு இணையக் கடை பொருந்தும். டன் கணக்கில் எடையுள்ள சிலைக்கு மயிலாடிச் சிற்பி வாட்ஸ்அப்பில் வரைபடம் அனுப்பி, அளவு பேசி, வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துக் காட்டுகிறார். அவருக்கு இணையம் கடையாக இருப்பதைவிடப் பேச்சறையாகப் பயன்படுகிறது. மாணிக்க மாலை வாடிவிடும் பொருள். அதற்குக் கிராக்கி கூட்டும் வழி, விழாவுக்கும் திருமணத்துக்கும் முன்பதிவு செய்வதும், தொடுக்கும் முறையை அந்தக் குடும்பங்களே கற்பிப்பதும்தான். ‘கைவினைஞர்களை இணையத்தில் ஏற்றுவோம்’ என்று ஒரே அச்சில் வார்க்கும் பயிற்சிகள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

வாடகை இடத்தின் ஆபத்து

பெரிய நிறுவனங்களின் தளங்களால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. வயல்வெளியில் சமைக்கும் ஒரு குடும்பத்தை உலகமே பார்த்தது. அங்கே அலைவரிசை சமைப்பவர்களுடையதே என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கத்தை 2020 ஜூன் 29 காட்டியது. அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. தடைக்கான காரணங்கள் வேறு விவாதம். ஆனால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆட்டமும் பாட்டும் நடிப்புமாகப் பல்லாயிரம் ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்களின் மேடை ஒரே இரவில் இல்லாமல் போனது. அது கொரோனாக் காலம். கொடைகளும் திருவிழாக்களும் நின்றுபோய், கலைஞர்கள் வருமானமின்றித் தவித்த நேரத்தில் அந்த இழப்பு வந்தது. அதே ஊரடங்கில் ஜெயமோகன் தன் தளத்தில் தொடர்ந்து சிறுகதைகளை எழுதி வெளியிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் அருகருகே வைத்தால் சொந்த முகவரியின் மதிப்பு விளங்கும்.

பிற நாடுகளும் பக்கத்து மாநிலமும்

வட இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011இல் ‘பி4ஆர்என்’ என்ற சமூக நிறுவனம் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் வர மறுத்த இடங்களில் ஊர்க்காரர்களே பங்குப்பணம் போட்டார்கள், விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே குழி வெட்ட விட்டார்கள், தன்னார்வலர்கள் கம்பி பதித்தார்கள். இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் சமமான 1 ஜிகாபிட் வேகம் அங்கே கிடைக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் கே-ஃபோன் வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவதாக அரசு அறிவித்தது. ஒன்று ஊர்க்காரர்களின் முயற்சி, மற்றது அரசின் முயற்சி. குமரி மாவட்டத்துக்கு இரண்டும் தேவைப்படுகின்றன: அரசுக் கம்பியும், அதன் நுனியில் ஊர் அமைப்பும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பாரத்நெட் வழி வரும் இணைப்பு ஊராட்சி அலுவலகத்துப் பெட்டியோடு நிற்காமல் நூலகத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பொது நூலகத்தில் ஒலி, ஒளிப்பதிவுக்கு ஓர் அறையும் நல்ல பதிவேற்ற வேகமும் இருந்தால் போதும். தமிழ்நாட்டிலேயே மிகுந்த எழுத்தறிவுள்ள மாவட்டத்தில் அதை நடத்த ஆளுக்குப் பஞ்சமில்லை. ‘நகர்ப்புறம்’ என்று பெயர் பெற்றுவிட்ட பேரூராட்சிகளையும் காணிக் குடியிருப்புகளையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும் ஆறு வரிக் குறிப்பு வழக்கமாக வேண்டும்: பாடியவர்கள், ஆசான், கதை, கோயில், ஊர், நாள். கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்கள் தங்கள் ஊர்க் கொடைக்கே போய் இதைச் செய்யலாம். பட்ட ஆய்வேடுகளுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம். கோயிலுக்குள் மட்டும் நிகழ வேண்டும் என்று ஊரும் கலைஞரும் கருதும் சடங்குப் பகுதிகளைப் பதிவு செய்யாமல் விடும் பண்பும் அதோடு கற்பிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, வில்லுப்பாட்டுக் குழுக்களுக்கும் வடசேரிப் பட்டறைகளுக்கும் தோவாளைக் குடும்பங்களுக்கும் பொதுவான, அவர்களே உறுப்பினராக இருக்கும் ஒரு கூட்டுறவு இணையதளம் வேண்டும். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் துண்டுகள் ஓடட்டும். முழுப் பதிவும் கலைஞரின் முகவரியும் முன்பதிவும் கூட்டுறவுத் தளத்தில் இருக்கட்டும். நிகழ்த்துகலைஞர் உரிமைக்கான ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தையும், புவிசார் குறியீட்டுப் பயனர் பதிவுக்கான உதவியையும் அதே அமைப்பு தரலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அடையாள அட்டை வழங்குவதோடு இந்தச் சட்ட உதவியையும் தன் கடமையாகக் கொள்வது நல்லது.

நான்காவது வேண்டுகோள் வாசகர்களுக்கு. எழுத்தாளர்களைச் சுற்றி ஒரு வட்டம் கூடியதால்தான் அவர்களுடைய தளங்கள் நிலைத்தன. மெய்ப்புப் பார்க்கவும், தொகுக்கவும், விழா எடுக்கவும் முன்வந்த அந்தப் படித்த கூட்டம் ஒரு வில்லுப்பாட்டுப் புலவரைச் சுற்றியும் கூட வேண்டும். இந்த மாவட்டத்தின் இலக்கியம் தன் சொல்லையும் கதையையும் நெடுங்காலமாக வில்லிலிருந்தும் கூத்திலிருந்தும் எடுத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. கதை கொடுத்தவர்களின் பெயர் இணையத்தில் அழியாமல் நிற்க உழைப்பது, அந்தக் கதையால் வளர்ந்த நம்முடைய பொறுப்பு. அதற்கான கம்பி ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த கொடைப் பருவத்துக்கு முன்பே ஓர் ஊரிலாவது இந்த வேலையைத் தொடங்கிவிட முடியும்.